ஸாக்ஸ் போட்ட ஆந்தை

"நாயை அவுத்து உட்டுருவேனுங்க. மரியாதையாப் போயிருங்க."

ஆளை நாய்விட்டுக் கடிக்க வைப்பதென்றாலும் அதற்கு இரண்டு 'ங்க' போட்டுத்தான் கடிக்க வைப்பார்கள் கோயமுத்தூரில். ஆர்.எஸ்.புரம் பங்களாவின் போர்ட்டிகோவில் நின்று மிரட்டிய அரங்கசாமிக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு கை. பின்னால் இரண்டு அல்சேஷன்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தன.

"அக்கா, எந்த நாய் முதல்ல கடிக்கும்னு கேட்டுச் சொல்லுங்க. நான் இன்னொண்ணு பக்கம் ஓடிக்கறேன்," என்றான் ரசாக்.

கோமளா சிரிக்கவில்லை. காலேஜில் விலங்கியல் லேப் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்து, பிரின்சிபாலோடு சண்டை போட்டு வெளியேறி, காந்திபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். உக்கடத்து ரசாக் அவளுக்கு உதவியாளன், எம்-80 வண்டி ஓட்டுநர், வாயாடி எல்லாம்.

கேட்டுக்கு வெளியே வெயிலில் பூவாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். அன்னூர்க்காரி, கோமளாவைத் தேடிப் போய் அமர்த்தியவள். அவளை கேட்டுக்குள்ளேயே விடவில்லை. அவள் மகள் கலாமணி எம்.எஸ்ஸி. படித்துவிட்டு இந்த வீட்டில் வேலை பார்த்தவள். வீட்டின் சொந்தக்காரர் கோவிந்தராஜுலு மில் முதலாளி, அரங்கசாமியின் அண்ணன். வாழ்நாளெல்லாம் பாடம்பண்ணிய பறவைகளைச் சேர்த்து ஒரு ஹால் நிறைய வைத்திருந்தார். அவற்றை வகை பிரித்து அடுக்குவதுதான் கலாமணியின் வேலை. முந்தாநாள் சாயங்காலம் அந்த ஹாலில் யாரோ அவரைப் பின்மண்டையில் அடித்துக் கொன்றுவிட்டார்கள். கடைசியாக அங்கே இருந்தவள் கலாமணி. அவள் இப்போது லாக்கப்பில் இருக்கிறாள், பொழுது சாய்வதற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அவங்களை விடுங்க சார். நான்தான் வரச் சொன்னேன்," என்றபடி உள்ளிருந்து வந்தார் இன்ஸ்பெக்டர் அருள்குமார். முகத்தில் எள்ளளவும் வரவேற்பு இல்லை. "கோமளா, கால் மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் இருந்தீங்கன்னா உங்களையும் ஜீப்புல ஏத்திருவேன்."

அரங்கசாமி திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, போகட்டும். ஆனா கொஞ்சம் பொறுத்துப் போகச் சொல்லுங்க."

"ஏனுங்க?" என்றான் ரசாக்.

"எங்க ஊடு. நாங்க சொல்றபோதுதான் உள்ள வரோணுமுங்க."

அவர்கள் நின்றார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். பிறகு எதுவும் நடக்காமலேயே, "இப்பப் போங்க," என்றார். பணக்காரத் திமிர் என்று நினைத்துக்கொண்டு கோமளா உள்ளே நடந்தாள்.

ஹால் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். கொக்குகள் ஒரு பக்கம், வாத்துகள் ஒரு பக்கம், மரங்கொத்திகள் ஒரு பக்கம். நடுவே ஒரு நீளமான மேஜை. அதன் மேல் ஆறு பறவைகள். மேஜைக்கு அடியில் சுண்ணாம்புக் கோடு, கோவிந்தராஜுலு விழுந்து கிடந்த இடம்.

"மில்லுல முதன்முதலா ஓடுன, நூல் சுத்தற இரும்புக் கதிரை ஞாபகமா மேஜையில வெச்சிருந்தாரு. அதாலதான் அடி," என்றார் இன்ஸ்பெக்டர். "சண்டை நடந்த அடையாளமே இல்லை. எல்லாம் வெச்சது வெச்ச மாதிரி இருக்குது. நம்பிக்கையான ஆள், பின்னால நின்னு அடிச்சிருக்கு. அந்தப் பொண்ணைத் தவிர அவர் வேற யாரையும் இங்க விடமாட்டாரு."

"எதுக்காகக் கொல்லோணும்?"

"பங்களாவையும் பறவைகளையும் நாளைக்கு ஒரு காலேஜுக்குத் தானமாக் கொடுக்கறதா இருந்தாரு. கொடுத்துட்டா இவளுக்கு வேலை போயிரும். முந்தாநாள் ரெண்டு பேரும் சத்தமாப் பேசிக்கிட்டாங்கன்னு அரங்கசாமி சொல்றாரு."

கோமளா மேஜை அருகே போனாள். மத்தியானம் லாக்கப்பில் கலாமணி அழுதுகொண்டே சொன்னது இந்த மேஜையைப் பற்றித்தான். நாளைய விழாவுக்காக ஆறு பறவைகளை எடுத்து வைத்திருந்தாளாம். எது எதற்குச் சொந்தம் என்பதில் பார்க்க வருபவர்களை ஏமாற்றும் ஆறு. மேஜை விளிம்பில் அவள் கையெழுத்தில் நான்கு பலகைகள் இருந்தன: வேட்டைப் பறவை வரிசை, ஆந்தை வரிசை, கோழி வரிசை, குருவி வரிசை.

"சார், இந்த வல்லூறும் ஆந்தையும் சொந்தக்காரங்களா?"

"பின்னே? ரெண்டுக்கும் கொக்கி மூக்கு. ரெண்டும் எலி புடிக்கும்."

"மூக்கை விடுங்க, காலைப் பாருங்க. வல்லூறுக்கு முன்னால மூணு விரல், பின்னால ஒண்ணு. கால் வெறுங்கால், மஞ்சளா மொழுமொழுன்னு இருக்கு. ஆந்தை ஒரு விரலைப் பின்னால திருப்பிக்கும், முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. இந்தக் கொம்பன் ஆந்தைக்கு விரல் வரைக்கும் ரோமம் மூடியிருக்கு. ரெண்டும் வேற வேற வரிசை."

"ஆந்தை ஸாக்ஸ் போட்டிருக்கு," என்று ரசாக் சுருக்கமாகச் சொல்லிவிட்டான்.

"காக்காயும் சிட்டுக்குருவியும்?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டாள் கோமளா.

"அதெப்படி ஒண்ணாகும்? காக்கா எத்தாச்சோடு பெருசு, குருவி இத்துனூண்டு!"

"ஆனா ஒரே வரிசை. ரெண்டும் காலை மடக்கி உக்காந்தா விரல் தானாக் கிளையை இறுக்கிப் பிடிச்சுக்கும். தூங்கினாலும் விழாது. கோழியும் மயிலும் ஒரே வரிசை, கிளறுற காலு, காலுல முள்ளு. கலாமணி காக்காயையும் சிட்டுக்குருவியையும் ஜோடியா வெச்சிருந்தா. இப்பப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் பார்த்தார். 'கோழி வரிசை' என்ற பலகைக்கு மேலே காகம் நின்றது. 'குருவி வரிசை' பலகைக்கு மேலே காட்டுக்கோழியும் மயிலும் கம்பீரமாக நின்றன. சிட்டுக்குருவி மட்டும் மேஜைக் கோடியில், ரேஷன் கடையில் கார்டு இல்லாமல் வந்தவனைப்போலத் தனியாக நின்றது.

"சண்டை நடந்திருக்கு சார். பறவைகள் கீழ விழுந்திருக்கு. கொன்னவன் எடுத்து அடுக்கிட்டுப் போயிருக்கான். நீங்க சொன்னீங்களே, நம்பிக்கையான ஆள் பின்னால நின்னு அடிச்ச மாதிரி, அப்படித் தெரியறதுக்காக. கலாமணி அடுக்கியிருந்தா சொந்தக் கையெழுத்துப் பலகைக்கே மாத்தி வெப்பாளா?"

"ஆளைக் கொன்னவளுக்குக் கை நடுங்காதா?"

"நடுங்கற கை குருவியை மட்டும் குறிபார்த்து ஓரங்கட்டுமுங்களா?" என்ற ரசாக், விளையாட்டாக இடமிருந்து வலமாக விரலை நீட்டிப் படித்தான். "வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில்..." விரல் அந்தரத்தில் நின்றது. "அக்கா! இது எனக்குத் தெரியுமுங்க. அன்னூர்ப் பக்கம் சேவச்சண்டை, அந்தக் கோழிக்கட்டுக்குப் போயி உதை வாங்கிட்டு வந்தனே, அங்க ஒருத்தரு சேவலை உடறக்கு முன்னால இதேதான் சொன்னாரு. பஞ்சபட்சி! ஒவ்வொருத்தருக்கும் பொறந்த நட்சத்திரத்துக்கு ஒரு பட்சி. அது ஒரு நேரம் திங்கும், ஒரு நேரம் நடக்கும், ஒரு நேரம் அரசாளும், தூங்கும், சாகும். நம்ம பட்சி அரசாள்றப்ப எறங்குனா ஜெயிப்பு, சாகறப்ப எறங்குனா அம்பேல். இதே அஞ்சு, இதே வரிசை. குருவிக்கு அதுல எடமே இல்லீங்க."

கோமளாவுக்குப் புரிந்தது. கொன்றவன் காலையும் பார்க்கவில்லை, அலகையும் பார்க்கவில்லை. மனப்பாடத்தைப் பார்த்து அடுக்கியிருக்கிறான். வருஷக்கணக்காக வாய் சொல்லிப் பழகியதைக் கை அவசரத்தில் செய்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் கையைத் தட்டினார். "அருமை, ரசாக்! ரொம்ப அருமை. கலாமணியோட அப்பன் யாருன்னு தெரியுமா? அன்னூர்லயே பெரிய கோழிக்கட்டுக்காரன். நானே ரெண்டு தடவை புடிச்சு உள்ள போட்டிருக்கேன். பொறந்ததுல இருந்து இந்தப் பஞ்சபட்சியைக் கேட்டு வளந்தவ அவ. இத்தனை நேரம் எங்கிட்ட இருந்தது சந்தேகம். இப்ப நீங்களே சாட்சி குடுத்துட்டீங்க."

ரசாக்கின் முகம் சுண்டியது. காப்பாற்ற வந்த பெண்ணின் கழுத்துக்குத் தன் கையாலேயே கயிறு திரித்துக் கொடுத்தாகிவிட்டது.

"போதுமா? அப்பா செத்த ரூமுல என்ன வேடிக்கை?" வாசலில் வம்சி நின்றான். கோவிந்தராஜுலுவின் மகன், அமெரிக்காவிலிருந்து இன்று காலை வந்து இறங்கியவன். கண்கள் சிவந்திருந்தன. "கொலைகாரிக்கு வக்காலத்து வாங்க டிடெக்டிவ் வேற! இன்ஸ்பெக்டர், இவங்களை வெளிய தள்ளுங்க."

அவன் பின்னால் அரங்கசாமி. வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். "நாஞ் சொன்னா எங்கீங்க கேக்கறாங்க? எனக்கு பேரூர் போகோணும், நேரமாச்சு."

"உள்ள வாங்களேன்," என்றாள் கோமளா.

"அந்த ரூமுக்குள்ள நான் காலெடுத்து வெச்சு வருசக்கணக்காச்சுங்க. செத்த குருவியக் கட்டி அழுகறதுக்கு எனக்கேது நேரம்? நான் மிஷினை நம்பறவனுங்க."

"பஞ்சபட்சி தெரியுமுங்களா?"

"சோசியமெல்லாம் சோம்பேறிகளுக்குங்க," என்றார் அவர். மறுபடியும் ஹால் கடிகாரத்தைப் பார்த்தார். கை மறுபடியும் சட்டைப் பைக்குப் போனது.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார். "சார், உங்க வாக்குமூலம். ஒரு கையெழுத்து."

"அப்பறம் போடறேனுங்க."

"ஒரு நிமிஷ வேலைதான் சார்."

"அப்பறம்னு சொன்னனுங்களே!"

கோமளா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி ஆந்தையின் காலைக் குனிந்து பார்த்தாள். பின்னால் திரும்பும் விரல் அடியோடு ஒடிந்திருந்தது. உள்ளே துருப்பிடிக்காத கம்பியும் பஞ்சும் தெரிந்தன. ஒடிவு புதுசு.

"சார், கீழ என்னென்ன கிடைச்சுது?"

"மயில் தோகைத் துணுக்கு, கோழிக் கொண்டையில ஒரு சில்லு. எல்லாம் பழசா இருக்கும்னு விட்டுட்டோம்."

"ஆந்தை விரல்?"

"இல்லை. ஹால் பூராக் கூட்டிப் பெருக்கிட்டோம்."

"கொண்டையை விட்டுட்டான், தோகையை விட்டுட்டான். ஆந்தை விரலை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கான்." அவள் குரல் தணிந்தது. "வேலைக்காரி சாமியாத்தாள் பொணத்தைப் பார்த்து அலறினது எப்போ? உங்களுக்கு போன் வந்தது எப்போ?"

இன்ஸ்பெக்டர் புருவத்தைச் சுருக்கினார். "போன் வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பதட்டத்துல கை ஓடலைன்னு அரங்கசாமி சொன்னாரு."

கோமளா ரசாக்கின் காதில் என்னவோ சொன்னாள். ரசாக்குக்கு உயிர் வந்தது. மேஜைக்குப் போய், பாத்திரக் கடைக்காரன் டம்ளர் அடுக்குவதைப்போலப் பறவைகளைத் தூக்கித் தூக்கி மாற்ற ஆரம்பித்தான்.

"ஏய், எவிடென்ஸ்!" என்று அதட்டினார் இன்ஸ்பெக்டர்.

"இருங்க சார், முன்னாடி நான் தப்பாச் சொல்லிப்போட்டேன். பஞ்சபட்சி வரிசை இப்படிங்க. காகம் மொதல்ல. பொறவு வல்லூறு. அப்பறம் மயிலு, கோழி..."

வாசற்படியில் நின்றவரின் உதடு அசைந்தது.

"இந்த ஆந்தைதான் கடைசி. அஞ்சுலயும் மட்டமான பட்சின்னா ஆந்தைதானுங்க. அதுவும் இது நொண்டி ஆந்தை. இதைப் பட்சியா வெச்சிருக்கறவன் வெளங்கவே மாட்டான்." ரசாக் ஆந்தையைக் கழுத்தைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினான்.

"டேய்! ஆந்தையக் கீழ வைடா!"

அரங்கசாமி வாசற்படியைத் தாண்டி ஹாலுக்குள் வந்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில்! தெரியாத நாய்க்கு எதுக்குடா இந்த வேலை? தலைகீழாப் புடிக்காதடா அதை!"

அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து 'ங்க' இல்லாமல் வந்த முதல் பேச்சு அது. அது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

"சோம்பேறிகளோட சோசியம் சுத்தமா மனப்பாடம் ஆயிருக்குதுங்களே," என்றாள் கோமளா. "எங்களை வாசல்ல நிக்க வெச்சீங்க, கடிகாரத்தைப் பார்த்தீங்க. கையெழுத்துக் கேட்டா அப்பறம்னீங்க. அண்ணன் செத்துக் கிடக்கறப்ப நேரம் பார்த்து போலீசுக்கு போன் பண்ணினீங்க. எல்லாம் உங்க பட்சி அரசாள்ற நேரத்துக்குக் காத்திருந்தது. உங்க பட்சி எதுன்னு இப்ப இந்த ரூமுல எல்லாருக்கும் தெரியும்."

"அது... அது தெரிஞ்சா கொலைகாரனாயிருவனாங்க?" 'ங்க' திரும்பி வந்திருந்தது, ஆனால் நடுங்கிக்கொண்டு வந்தது.

"ஆகமாட்டீங்க. ஆனா அண்ணனைத் தள்ளினப்ப மேஜையில இருந்த பறவைக விழுந்திருக்கு. உங்க பட்சியோட விரலே ஒடிஞ்சுபோச்சு. கோழிக் கொண்டையைக் காலால தள்ளிட்டுப் போயிட்டீங்க. ஆந்தை விரலைக் குப்பையில போட உங்களுக்கு மனசு வரலை. போட்டா உங்க வம்சத்துக்கே ஆகாதுன்னு பயம். நல்ல நேரம் வந்ததும் பேரூருக்குப் போயி ஆத்துல விடறதுக்கு வெச்சிருக்கீங்க. அந்தப் பையில இருந்து கையை எடுங்க."

இன்ஸ்பெக்டர் ஒரு அடி முன்னால் வைத்தார். "சார், பையைக் காட்டுங்க."

"காட்டறனுங்க. கொஞ்சம் பொறுங்க." அரங்கசாமி கடிகாரத்தைப் பார்த்தார், வேர்த்துக் கொட்டியது. "இப்ப வேண்டாமுங்க, அருள்குமார். இப்ப அதுக்குச் சாவு நேரமுங்க. உங்களைக் கும்புடறேன், கொஞ்சம் கழிச்சு நானே எடுத்துத் தாரேன்."

வம்சிதான் முதலில் நகர்ந்தான். சித்தப்பாவின் சட்டைப் பைக்குள் கையை விட்டு இழுத்தான். மஞ்சள் துணியில் சுற்றிய சிறு பொட்டலம் வந்தது. அவிழ்த்தான். உள்ளே வளைந்த கறுப்பு நகம், அதோடு ஒட்டிய ஒரு விரல்.

"கோழி விரல் மாதிரியும் இருக்குதே," என்றார் இன்ஸ்பெக்டர், தொழில் புத்தி போகாமல்.

"கோழி விரல்னா வெறும் செதில்தான் இருக்கும். வல்லூறுன்னா மஞ்சளா இருக்கும்." கோமளா அதை வாங்கி ஆந்தையின் காலில் பொருத்தினாள். ஒடிவு ஒடிவோடு சேர்ந்தது. விரலை மூடியிருந்த பழுப்பு ரோமம் காலின் ரோமத்தோடு கலந்து நின்றது. "இது ஸாக்ஸ் போட்டிருக்கு சார்."

"சின்னாயனா..." தெலுங்கில் சித்தப்பாவைக் கூப்பிட்டான் வம்சி.

"பின்னே என்னடா பண்ணச் சொல்றே?" அரங்கசாமி வெடித்தார். "அடுக்குமாடி கட்டலாம்டா, உனக்கும் எனக்கும் ஆளுக்குப் பாதின்னு கெஞ்சுனேன். காக்காய்க்கும் குருவிக்கும் ஊட்டை எழுதிவெக்கறேன்னு நின்னான் உங்கப்பன். எம் பட்சியக் கையில எடுத்து ஆட்டிக் காட்டிச் சிரிச்சான்டா. இது வெறும் பஞ்சுடா அரங்கா, காலைப் பாத்துப் படிச்சுக்கடான்னு சிரிச்சான்..."

வம்சி அடிக்கக் கை ஓங்கினான். ரசாக் குறுக்கே பாய்ந்து பிடித்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்கு போன் போட்டு, கலாமணியை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டாம் என்று சொன்னார். கோமளாவிடம் நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. "கால் மணி நேரம் தாண்டிருச்சு," என்று மட்டும் முறைத்தார்.

"நாயைக் கட்டிட்டாங்களான்னு பார்த்துட்டுக் கெளம்பறோமுங்க," என்றான் ரசாக்.

போர்ட்டிகோவுக்கு வந்ததும் அரங்கசாமி நின்றுவிட்டார். கான்ஸ்டபிள் தோளைப் பிடித்துத் தள்ளியும் நகரவில்லை. தலையைத் திருப்பி உள்ளே சுவர்க் கடிகாரத்தைத் தேடினார். "கொஞ்ச நேரமுங்க. கொஞ்ச நேரம் இருந்து போலாமுங்க. இப்பப் படி எறங்குனா நான் திரும்பி வரமாட்டனுங்க."

கேட்டுக்கு வெளியே இத்தனை நேரமும் நின்ற பூவாத்தாளுக்குக் கோமளா விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அவள் அழுது முடித்திருந்தாள். பூட்டப்படாத கேட்டை யாரையும் கேட்காமல் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். நாய்கள் குரைத்தன. அவள் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே அரங்கசாமியின் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க," என்றாள். குரல் உயரவே இல்லை. "என்ற புள்ளயப் புடிச்சுக் குடுக்கறக்கு நல்ல நேரம் பாத்துத்தானுங்களே போன் பண்ணுனீங்க?"

பூவாத்தாள் திரும்பிப் போய் இரும்புக் கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"எறங்குங்க. எங்களுக்கு இதான் நேரமுங்க."

கான்ஸ்டபிள் தள்ளினார். அரங்கசாமி படியிறங்கினார்.